லயத்து வீட்டிலிருந்து கணினித் தொழில்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இலங்கை மலையகத்தில், அட்டனுக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தில், லயம் என்கிற வரிசை வீடொன்றில் இருந்துகொண்டு ஏழு வருடமாகக் கணினி வேலை செய்கிறேன். இணையத்தளம் செய்வது, தமிழ் தட்டச்சு, படுத்துவிட்ட லெப்டொப்பை எழுப்பிவிடுவது, வெளிநாட்டில் இரண்டு பேருக்கு மாதாமாதம் தளப் பராமரிப்பு. ஏ.எல். (உயர்தரப் பரீட்சை) முடித்த பிள்ளைகள், கொழும்புக் கடை வேலையை விட்டுவிட்டு வந்தவர்கள், அவர்களுடைய அம்மா அப்பாமார் என்று பலரும் என்னிடம் கேட்பவற்றை இங்கே எழுதி வைக்கிறேன். ஒரே பதிலை வட்ஸ்அப்பில் எத்தனை தடவைதான் பேசி அனுப்புவது?

அக்கா, என்ன வேலையில் தொடங்குவது?

யூடியூப்பில் 'அதிகம் சம்பாதிக்கும் பத்து வேலைகள்' என்று பார்த்துத் தொடங்காதீர்கள். உங்கள் டவுனில் போன மாதம் யார், எந்தக் கணினி வேலைக்குக் காசு கொடுத்தார்கள் என்று பாருங்கள். ஒரு கம்யூனிகேஷன் கடையில் அரை நாள் நின்றாலே தெரிந்துவிடும். சுயவிபரக் கோவை அடிக்க வருகிறார்கள், கோவில் திருவிழா நோட்டீஸ் அடிக்க வருகிறார்கள், வெளிநாட்டு வேலை விண்ணப்பத்தை ஒன்லைனில் நிரப்பத் தெரியாமல் வருகிறார்கள். கடைக்காரருக்கு நேரம் இல்லை. அந்த வேலையை வீட்டிலிருந்து செய்து கொடுக்கிறேன் என்று அவரிடமே பேசுங்கள். என் முதல் வாடிக்கையாளர் அப்படி ஒரு கடைக்காரர்தான்.

நமக்கென்றே ஒரு வேலை இருக்கிறது, பலருக்குத் தெரிவதில்லை. இலங்கையில் பழைய தமிழ் ஆவணங்களில் பெரும்பகுதி பாமினி எழுத்துருவில் கிடக்கிறது. பாடசாலை மலர்கள், வினாத்தாள்கள், சங்க அறிக்கைகள், கல்யாணக் கார்டுகள் எல்லாம். பாமினியில் தமிழ் எழுத்துகள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் உட்கார்ந்திருக்கும். அதை அப்படியே இணையத்தளத்திலோ போனிலோ ஒட்டினால் பொருளில்லாத ஆங்கில எழுத்துக் குவியலாக வரும். எல்லாக் கருவியிலும் தமிழாகவே தெரியும் யுனிகோடுக்கு மாற்ற இலவச மாற்றிகள் உண்டு. ஆனால் மாற்றிய பிறகு 'ஸ்ரீ', நடுவில் வரும் ஆங்கிலச் சொற்கள், அடைப்புக்குறிகள், அட்டவணைகள் எல்லாம் குழம்பிக் கிடக்கும். கண்ணால் பார்த்துத் திருத்த ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளுக்குத்தான் காசு.

அடுத்தது விருந்தினர் விடுதிகள். எல்ல, அப்புத்தளை, நுவரெலியாப் பக்கம் வீட்டில் இரண்டு அறை வைத்து வாடகைக்கு விடுகிறவர்கள் ஏராளம். பலருக்கு முன்பதிவுத் தளங்களில் படம் போடவும், விலையைப் பருவத்துக்கு ஏற்ப மாற்றவும், வெள்ளைக்காரர் அனுப்பும் கேள்விக்குப் பதில் எழுதவும் ஆள் இல்லை. ஏப்ரல் பருவத்தில் நுவரெலியாவில் அறை கிடைக்காது என்பது எல்லோருக்கும் தெரியும். அதற்கு முன்னால், பெப்ரவரியிலேயே அவர்களைப் போய்ப் பாருங்கள்.

கணினி பழுது பார்ப்பது நல்ல தொழில்தான். ஆனால் வீட்டுக்கு ஆள் வரப்போக இருக்கும், சாமான் வாங்கி வைக்க முதல் வேண்டும். இரண்டாவது வருடத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

வெளிநாட்டு வேலை உடனே கிடைக்குமா?

உடனே கிடைக்காது. எனக்கு முதல் வெளிநாட்டு வேலை கிடைக்க ஒன்பது மாதம் ஆனது. ஃபைவர் போன்ற, இணையத்தில் வேலை பிடிக்கும் தளங்களில் கணக்குத் திறப்பது சுலபம், முதல் ஐந்து பேரைப் பிடிப்பதுதான் பாடு. ஃபைவர் உங்கள் உழைப்பில் 20 சதவீதத்தை எடுத்துக்கொள்ளும். புதியவர்களுக்கு வேலை முடிந்து 14 நாள் கழித்துத்தான் காசு கைக்கு வரும். அதைத் தெரிந்துகொண்டு இறங்குங்கள். அதுவரை டவுன் வேலை சோறு போடட்டும். டவுனில் செய்த வேலைகளின் படங்களே வெளிநாட்டுக்காரருக்குக் காட்டும் மாதிரிகளாகும்.

எவ்வளவு முதல் வேண்டும்? புது லெப்டொப் கட்டாயமா?

வேண்டாம். பாவித்த லெப்டொப் போதும். 8 ஜிபி ரேம், எஸ்எஸ்டி (சுழலாத, வேகமான டிஸ்க்) இரண்டும் இருக்க வேண்டும். பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க் என்றால் விலை எவ்வளவு குறைந்தாலும் வாங்காதீர்கள். வாங்கும் முன் செருகியை எடுத்துவிட்டு பேட்டரியில் அரை மணித்தியாலம் ஓட்டிப் பாருங்கள்.

மலையில் லெப்டொப்பைத் தின்பது ஈரம். மூடிய பெட்டியில் வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும். சப்பாத்துப் பெட்டியில் வருகிற சிலிக்கா பொட்டலங்களைச் சேர்த்து வைத்துப் பையில் போடுங்கள். குளிரில் பையோடு வெளியே கொண்டுபோன லெப்டொப்பை அடுப்பெரிகிற வீட்டுக்குள் கொண்டுவந்த உடனே திறந்து ஓட்டாதீர்கள். உள்ளே பனித்துளி கட்டியிருக்கும். ஒரு தேத்தண்ணி குடிக்கும் நேரம் அப்படியே இருக்கட்டும்.

எங்கள் டிவிசனில் (தோட்டப் பிரிவில்) சிக்னலே இல்லையே?

இருக்கும், எங்கே என்று தேட வேண்டும். மலையில் சிக்னல் நேர்கோட்டில் வருகிறது. கோபுரத்துக்கும் உங்களுக்கும் நடுவில் ஒரு மேடு இருந்தால் முடிந்தது. என் வீட்டில் அடுப்படியில் ஒரு கோடு, இஸ்தோப்பில் (முன் திண்ணையில்) மூன்று கோடு. ஆகவே ரவுட்டர் இஸ்தோப்புக் கூரைக்குக் கீழே, நான் உள்ளே. டயலொக், மொபிடெல், ஹட்ச் என்று ஒவ்வொரு சிம்மையும் கடன் வாங்கி, காலை, மதியம், இரவு எட்டு மணி என்று மூன்று நேரத்திலும் வேகம் அளந்து கொப்பியில் எழுதுங்கள். காலையில் பறக்கும் சிம், ஊரே நாடகம் பார்க்கும் இரவில் நகராது. விற்பவர் காட்டும் வேகம் பகல் பதினொரு மணி வேகம்.

வெளி அன்டெனா பொருத்தக்கூடிய 4ஜி ரவுட்டர் வாங்கினால் பல வீடுகளில் நிலைமை மாறிவிடும். அன்டெனாவை எந்தக் கோபுரத்தை நோக்கித் திருப்புகிறோம் என்பதில்தான் சூட்சுமம். கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பித் திருப்பி அளக்க வேண்டும், ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்விடும். பைபர் இணைப்புப் பெரும்பாலும் டவுனையும் பிரதான வீதியையும் ஒட்டித்தான் இருக்கிறது. ஸ்டார்லிங்க் 2025 யூலையில் இலங்கையில் தொடங்கியது. வானம் திறந்து தெரிந்தால் போதும், கோபுரம் தேவையில்லை. ஆனால் கருவியின் விலையும் மாதக் கட்டணமும் தனி ஒருவருக்கு, அதுவும் தொடக்கத்தில், பாரம். நான்கு வீடு சேர்ந்து யோசிக்கலாம் என்று சொல்லும் முன் ஒப்பந்தத்தில் பகிர்வதற்கு இடமிருக்கிறதா என்று வாசியுங்கள்.

டேட்டா கணக்கு: வீடியோவில் ஒரு மணித்தியாலம் பேசினால் சுமார் 1 ஜிபி போகும். வாடிக்கையாளரிடம் 'என் பக்கம் கமரா இல்லாமல் பேசுகிறேன்' என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். யாரும் தப்பாக எடுப்பதில்லை. பெரிய கோப்புகளை விடியற்காலை ஐந்து மணிக்கு ஏற்றுங்கள். எப்படியும் அந்த நேரத்துக்கு அம்மா எழும்பி அடுப்பு மூட்டிவிடுவார், நீங்களும் எழும்பலாம்.

கரண்ட் போனால்?

போகும். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை வெட்டினார்கள். 2025 பெப்ரவரி 9 ஆம் திகதி பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு பாய்ந்து முழு நாடும் இருண்டது. வாடிக்கையாளரிடம் குரங்கைக் காரணம் காட்டினால் நம்பவில்லை, செய்தியின் இணைப்பை அனுப்பித்தான் நம்ப வைத்தேன்.

முதலில் ரவுட்டருக்கு ஒரு மினி யூபிஎஸ், அதாவது சின்ன பேட்டரிப் பெட்டி, வாங்குங்கள். கரண்ட் போனாலும் லெப்டொப் தன் பேட்டரியில் இரண்டு மூன்று மணித்தியாலம் ஓடும். ரவுட்டர்தான் முதல் நொடியில் சாகும். வெட்டு நீளமாக இருக்கும் இடமென்றால் பேட்டரியும் இன்வேட்டரும் தேவைப்படும். லெப்டொப் 50 வாட், ரவுட்டர் 10 வாட் என்று வையுங்கள். 12 வோல்ட் 100 ஆம்பியர் மணி ஈய பேட்டரியில் 1,200 வாட் மணி இருக்கிறது. அதில் பாதிக்கு மேல் உறிஞ்சினால் பேட்டரியின் ஆயுள் குறையும், ஆக 600. இன்வேட்டர் கொஞ்சம் தின்றுவிடும். எட்டு மணித்தியாலம் வரை தாங்கும். ஒரு வேலை நாள்.

இடி வேறு விடயம். ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரமானால் மலையில் இடி இறங்கும். செருகியைக் கழற்றுங்கள், தொலைபேசிக் கம்பியில் இணையம் வந்தால் அதையும் கழற்றுங்கள். கரண்ட் வழியாக வராத மின்னல் அந்தக் கம்பி வழியாக வந்து என் ரவுட்டரைக் கருக்கியிருக்கிறது. பழைய லயங்களில் பல வீட்டுக்கு ஒரே வயரிங் இழுத்திருப்பார்கள், நிலக் கம்பி இருக்காது. தெரிந்த மின்னியலாளர் ஒருவரைக் கூப்பிட்டு நிலக் கம்பியும் ட்ரிப் சுவிட்ச்சும் போடுங்கள். லெப்டொப் வாங்கும் காசில் முதலில் இதற்கு ஒதுக்குங்கள். அது உங்கள் உயிருக்கு.

கோப்புகளின் மேலதிகப் பிரதிகளைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது மலையகத்தில் மண் சரிந்து வீதிகள் அடைபட்டன, போன் வேலை செய்யவில்லை, வீடுகளே போயின. வாடிக்கையாளரின் கோப்புகள் உங்கள் வீட்டில் மட்டும் இருக்கக்கூடாது. ஒன்று கிளவுடில், ஒன்று வெளி ஹார்ட் டிஸ்க்கில், அந்த டிஸ்க் வேறு ஊரில் ஒரு சொந்தக்காரர் வீட்டில். மாதம் ஒருமுறை அதில் புதிய கோப்புகளை ஏற்றிக்கொள்ளுங்கள்.

தோட்டத்து விலாசத்தை எப்படி எழுதுவது? கடிதம் வருவதே இல்லை.

மற்ற ஊர்க்காரருக்கு இந்தக் கேள்வி விளங்காது. லயத்து வீடுகளுக்குத் தனி விலாசம் இல்லை. கடிதம் தோட்ட ஆபிசுக்கு வரும், தப்பால்காரர் (தோட்டத்துத் தபால் ஆள்) எடுத்து வருவார், அல்லது அங்கேயே கிடக்கும். நம் தளத்தில் விளம்பரம் காட்டிச் சம்பாதிக்கும் கூகுள் அட்சென்ஸ் கணக்கில் 10 டொலர் சேர்ந்ததும் விலாசத்தை உறுதிப்படுத்த ஓர் இரகசிய எண்ணைத் தபாலில் அனுப்புகிறார்கள். என் தம்பி முறையான ஒருவனுக்கு அது வந்து, அதே தோட்டத்தில் அதே முதலெழுத்துள்ள இன்னொருவர் வீட்டுச் சாமிப்படத்துக்குப் பின்னால் நான்கு மாதம் இருந்தது. கல்யாணப் பத்திரிகை என்று நினைத்துப் பத்திரமாக வைத்திருக்கிறார்கள்.

நான் செய்வது இது. லய எண், வீட்டு எண், டிவிசன், தோட்டம், தபால் நகரம், தபால் குறியீடு என்ற வரிசையில் ஒரு விலாசத்தை முடிவு செய்தேன். அட்டன் தபால் குறியீடு 22000. அதை எழுத்துக்கு எழுத்து மாறாமல் வங்கியிலும், வரித் திணைக்களத்திலும், வெளிநாட்டுப் பணம் வாங்கும் பேயோனியர் தளத்திலும் ஒரே மாதிரி கொடுத்தேன். ஓரிடத்தில் 'எஸ்டேட்', இன்னோரிடத்தில் 'தோட்டம்' என்று ஆங்கில எழுத்தில் மாற்றி எழுதினாலே கணக்கை நிறுத்தி வைத்துக் கேள்வி கேட்பார்கள். கரண்ட் பில் உங்கள் பெயரில் இல்லையென்றால், கிராம உத்தியோகத்தரின் வதிவிடச் சான்றிதழையும் வங்கிக் கூற்றையும் காட்டலாம். முக்கியமான கடிதங்களுக்கு டவுனில் தெரிந்த கடையின் விலாசத்தைக் கொடுப்பதும் நடக்கிற காரியம்தான். ஆனால் கடைக்காரர் நம்பிக்கையானவராக இருக்க வேண்டும், நீங்களும் தீபாவளிக்கு அவரை மறக்கக்கூடாது.

பெயரும் அப்படித்தான். பிறப்புச் சான்றிதழில் ஒரு எழுத்து, அடையாள அட்டையில் ஒரு எழுத்து என்று இருப்பவர்கள் நம்மில் நிறைய. தோட்டத்தில் பெயரைக் காதால் கேட்டு எழுதியவர்களின் கைவண்ணம். வங்கிக் கணக்கின் பெயரும் பணம் அனுப்பும் தளத்தின் பெயரும் ஒத்துப்போகாவிட்டால் பணம் திரும்பிப் போகும். தொழில் தொடங்கும் முன்பே இதைச் சரிசெய்யுங்கள். பிந்தினால் டொலர் வாசலில் நிற்கும்போது பதிவாளர் கந்தோரில் நீங்கள் நிற்பீர்கள்.

பதிவு செய்ய வேண்டுமா? கம்பெனி திறக்கச் சொல்கிறார்களே?

உங்கள் சொந்த முழுப் பெயரில், வேறு எதையும் சேர்க்காமல் தொழில் செய்தால் வியாபாரப் பெயர்ப் பதிவு கட்டாயமில்லை. பெயரோடு 'சொல்யூஷன்ஸ்', 'டெக்' என்று ஏதாவது ஒட்டினால் பதிவு வேண்டும். தொடங்கி 14 நாளுக்குள் செய்ய வேண்டும் என்பது விதி. பிரதேச செயலகத்தில் படிவம் கிடைக்கும், தமிழிலேயே நிரப்பலாம். தமிழ்ப் படிவம் முடிந்துவிட்டது என்று சொன்னால் காத்திருந்து கேளுங்கள். அடையாள அட்டைப் பிரதி, கிராம உத்தியோகத்தரின் அறிக்கை, அந்த இடத்தில் தொழில் செய்ய உங்களுக்கு உரிமை உண்டு என்பதற்கான கடிதம் கேட்பார்கள். காணி உறுதி இல்லாத தோட்ட வீட்டுக்காரருக்குச் சிக்கல் இந்தக் கடைசிக் கடிதம்தான். தோட்ட நிர்வாகத்திடம் சம்மதக் கடிதம் வாங்க வேண்டும். நான் போனபோது பெரிய கிளாக்கர் 'ஆள் கூட்டம் வருமா?' என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். வராது, எல்லாம் போனில்தான் என்றேன். இரண்டு கிழமையில் கடிதம் வந்தது.

கம்பெனி இப்போது வேண்டாம். 2007 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கம்பெனிச் சட்டத்தின்படி வருடாவருடம் அறிக்கை, செயலாளர், கணக்காளர் என்று செலவு வரும். வியாபாரப் பெயர்ப் பதிவுச் சான்றிதழ் ஒன்றே வங்கியில் தொழில் கணக்குத் திறக்கவும் விடுதிக்காரர் நம்பவும் போதும்.

டொலர் எப்படி வரும்?

மூன்று வழி. வாடிக்கையாளரே வங்கிக்கு நேரடியாக அனுப்புவது ஒன்று. உங்கள் வங்கியின் சுவிஃப்ட் குறியீட்டைக் கொடுக்க வேண்டும், நடுவில் உள்ள வங்கி கொஞ்சம் கழித்துக்கொள்ளும். சின்னத் தொகைக்கு இது கட்டாது. பேயோனியர் போன்ற தளங்கள் இரண்டாவது. மூன்றாவது, வேலைத் தளமே வங்கிக்கு அனுப்புவது. பேபாலை நம்பி வேலை ஒப்புக்கொள்ளாதீர்கள். பல வருடமாக இலங்கைக் கணக்கிலிருந்து அனுப்ப முடிந்ததே தவிரப் பெற முடியாமல் இருந்தது. பெயரை மாற்றி வெளிநாட்டு மாமாவின் பேபாலில் வாங்கியவர்கள் கணக்கு முடங்கிக் காசையும் மாமாவையும் இழந்தார்கள்.

வெளிநாட்டு நாணயக் கணக்கு ஒன்றைத் திறந்து வையுங்கள். 2022 மார்ச்சில் 200 ரூபாய்ச் சுற்றி நின்ற டொலர் மே மாதம் 360 ஐத் தொட்டது. அந்த இரண்டு மாதத்தில் டொலராக வைத்திருந்தவர்களும் ரூபாயாக்கியவர்களும் ஒரே வேலையைத்தான் செய்திருந்தார்கள். வங்கிக்காரர் 'இது என்ன காசு' என்று கேட்டால் பில்லையும் ஒப்பந்த மின்னஞ்சலையும் காட்டுங்கள். கோபப்படாதீர்கள், கேட்பது அவர்கள் கடமை. அட்டன் நஷனல் வங்கி 1888 இல் தோட்டத் துரைமாருக்காக இங்கே அட்டனில் தொடங்கியதுதான். துரைமாருக்கு வந்த வசதி லயத்துப் பிள்ளைக்கு வரக் கொஞ்சம் நாளானது, அவ்வளவுதான்.

வரி கட்ட வேண்டுமா?

முதலில் டின் இலக்கம், அதாவது வரி செலுத்துவோர் அடையாள இலக்கம். 18 வயது கடந்தவர்கள் எடுக்க வேண்டும், ஒன்லைனில் இலவசம். டின் எடுத்த உடனே வரி வந்துவிடும் என்று பயப்படுகிறார்கள், அப்படி இல்லை.

2025 ஏப்ரல் 1 முதல் வருடத்துக்கு 18 இலட்சம் ரூபாய் வரை தனிநபர் விலக்கு. அதாவது மாதம் ஒன்றரை இலட்சம். வெளிநாட்டுக்குச் செய்த வேலையின் வருமானம் அதற்கு முன் விலக்கப்பட்டிருந்தது, அந்தத் திகதியிலிருந்து வரிக்குள் வந்துவிட்டது. ஆனால் வெளிநாட்டு நாணயமாக வங்கி வழியாக வந்தால் விலக்குக்கு மேலுள்ள முதல் 10 இலட்சத்துக்கு 6 சதவீதம், மிச்சத்துக்கு 15 சதவீதம், அதற்கு மேல் ஏறாது. உதாரணம்: வருடத்துக்கு 30 இலட்சம் வந்தது, டேட்டா, கரண்ட், கருவித் தேய்மானம் என்று 4 இலட்சம் செலவு. மிச்சம் 26 இலட்சம். விலக்கு 18 போனால் 8 இலட்சம். அதில் 6 சதவீதம், 48,000 ரூபாய். வரி வருடம் ஏப்ரல் 1 இலிருந்து மார்ச் 31 வரை. விபரத்திரட்டு நவம்பர் 30 க்குள்.

செலவுக்குப் பற்றுச்சீட்டு இல்லையென்றால் அந்த 4 இலட்சத்தை யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். தோட்டத்தில் வேலைக்குப் போனால் பேர் போட (வேலை நாளைப் பதிய) ஒருவர் இருக்கிறார், செக்ரோல் என்கிற சம்பளப் பதிவேட்டில் அவர் எழுதுவதுதான் சம்பளம். அவர் அரைப் பேர் (அரை நாள்) போட்டுவிட்டால் நம் அம்மாமார் எப்படிச் சண்டை பிடிக்கிறார்கள்! இங்கே செக்ரோல் உங்கள் கையில். எழுதாவிட்டால் சண்டை பிடிக்கவும் ஆள் இல்லை. சாதாரண சி.ஆர். கொப்பி ஒன்றில் திகதி, யார், என்ன வேலை, எத்தனை மணித்தியாலம், எவ்வளவு வந்தது, எவ்வளவு பாக்கி. தினம் ஐந்து நிமிடம்.

எவ்வளவு கேட்பது?

நம் பிள்ளைகள் விழும் குழி இது. கொழுந்து எடுக்கும் அம்மாவின் நாட்சம்பளத்தை மனதில் வைத்துக்கொண்டு விலை சொல்கிறார்கள். 2021 இல் ஆயிரம் ரூபாய், 2024 இல் அடிப்படை 1,350 ரூபாய் என்று போராடி வாங்கிய சம்பளம் அது. அதைவிடக் கொஞ்சம் கூடக் கிடைத்தாலே அதிகம் என்று தோன்றுகிறது. ஆனால் அம்மாவின் சம்பளத்தோடு, ஓய்வுக்குப் பிறகு கைக்கு வரும் சேமலாப நிதி சேர்கிறது.  உங்களுக்கு அது இல்லை, லெப்டொப் முதல் கரண்ட் வரை எல்லாம் உங்கள் செலவு.

கணக்கு இப்படிப் போடுங்கள். மாதம் 60,000 கைக்கு வேண்டும். டேட்டா, கரண்ட், லெப்டொப் தேய்மானம் 15,000. மொத்தம் 75,000. மாதம் 22 நாள் உட்காருகிறீர்கள், ஆனால் காசு வரும் வேலை ஒரு நாளைக்கு நான்கு மணித்தியாலம்தான். மிச்சம் பேசுவது, விலை சொல்வது, அலைவது. 88 மணித்தியாலம். வகுத்தால் மணித்தியாலத்துக்கு 850 ரூபாய்ச் சுற்றி வரும். இதற்குக் கீழே ஒப்புக்கொண்டால் உங்கள் வீட்டு அரிசியைக் கொண்டுபோய் அவருக்குச் சமைத்துப் போடுகிறீர்கள்.

சொந்தக்காரர்களின் 'சும்மா ஒரு சின்ன வேலை'க்கு என் வழி: செய்து கொடுப்பேன், பில்லும் எழுதுவேன், கீழே 'மாமாவுக்காக முழுக் கழிவு' என்று போட்டு பூச்சியம் காட்டுவேன். இரண்டாவது பில்லில் மாமாவே ஏதாவது கொடுத்துவிடுவார்.

வேலை முடித்துக் கொடுத்தேன், காசு தராமல் இழுக்கிறார்கள்.

எனக்கும் நடந்தது. ஒரு விடுதிக்காரருக்கு முழுத் தளமும் செய்து கொடுத்தேன். 'சீசன் முடியட்டும் தங்கச்சி' என்றார். சீசன் முடிந்தது, மழை வந்தது, அடுத்த சீசனும் வந்தது. எழுத்தில் ஒன்றும் வைத்திருக்கவில்லை. முற்பணமும் வாங்கவில்லை. தப்பு என்னுடையதும்தான்.

இப்போது பாதி முற்பணம் வராமல் கை வைப்பதில்லை. என்ன செய்வேன், என்ன செய்யமாட்டேன், எத்தனை தடவை திருத்துவேன் என்று ஒரு பக்கம் எழுதி வட்ஸ்அப்பில் அனுப்பி 'சரி' என்று பதில் வாங்குகிறேன். 2006 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க மின்னணுக் கொடுக்கல் வாங்கல் சட்டம் மின்வழிச் செய்திகளுக்கும் சட்ட மதிப்புக் கொடுக்கிறது. ஆகவே அந்த உரையாடலை அழிக்காதீர்கள். தளத்தை இணையத்தில் என் கணக்கில் ஏற்றிக் காட்டி, மிச்சக் காசு வந்த பிறகு அவருடைய கணக்குக்கு மாற்றுகிறேன். ஆனால் தளப்பெயரை எப்போதும் வாடிக்கையாளர் பெயரிலேயே பதியுங்கள், .எல்கே ஆனாலும் .இலங்கை ஆனாலும். அதைப் பிடித்து வைத்துக்கொண்டு மிரட்டினால் ஒரு காசு வரலாம், டவுன் முழுக்கப் பெயர் கெடும். பழுது பார்க்க வந்த லெப்டொப்பில் இருக்கும் படங்களைத் திறந்து பார்ப்பதும் அப்படித்தான்.

எனக்கு ஆங்கிலம் வராதே?

பேச வராவிட்டால் எழுதுங்கள். ஒரு வரியில் ஒரு விடயம். மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டு, திரும்பத் தமிழுக்கு மாற்றி, நீங்கள் சொன்னதுதானா என்று பாருங்கள். நமக்கு இருக்கும் வசதியை மறந்துவிடுகிறோம்: தமிழும் சிங்களமும் பேசி, ஆங்கிலமும் ஓரளவு வாசிக்கிறவர்கள் மலையகத்தில் நிறையப் பேர் இருக்கிறார்கள். மூன்று மொழியில் ஒரு மெனுவோ நோட்டீஸோ கேட்டால் நம்மில் ஒருவரே செய்து கொடுக்கலாம்.

போனில் லைக் போட்டால் காசு தருகிறார்களாமே?

தரமாட்டார்கள். முதல் நாள் ஆயிரம் அனுப்பி ஆசை காட்டுவார்கள், பிறகு 'உங்கள் மட்டத்தை உயர்த்த' பணம் கட்டச் சொல்வார்கள். வேலை கொடுக்கிறவர் உங்களிடம் பதிவுக் காசு கேட்டால் அது வேலை இல்லை. ஆள் சேர்த்தால் பங்கு என்கிற பிரமிட் திட்டங்கள் வங்கிச் சட்டப்படி தடை செய்யப்பட்டவை, சேர்த்துவிட்டவருக்கும் தண்டனை உண்டு. உங்கள் வங்கிக் கணக்கைக் கொஞ்ச நாளைக்கு வாடகைக்குக் கேட்டால் ஓடிவிடுங்கள். பொலிஸ் வரும்போது உங்கள் பெயர்தான் கணக்கில் இருக்கும்.

இரவெல்லாம் விழித்திருக்கிறாள் என்று வீட்டில் சண்டை. என்ன சொல்வது?

இலண்டன் நமக்கு நாலரை அல்லது ஐந்தரை மணித்தியாலம் பின்னால், நியூயோர்க் ஒன்பதரை அல்லது பத்தரை. அமெரிக்கரோடு வேலை என்றால் இரவு, வேறு வழியில்லை. இலண்டன்காரருக்கு நம் பின்னேரமும் சிட்னிக்காரருக்கு நம் காலையும் சரிவரும். பெண் பிள்ளைகளுக்கு நான் சொல்வது, முடிந்தால் அந்தப் பக்கம் தேடுங்கள். இஸ்தோப்பில் இரவு ஒரு மணிக்கு ஆங்கிலத்தில் பேசினால் லயம் முழுக்கக் கேட்கும், காலையில் தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் வேறு கதையாக வரும்.

முதல் மூன்று மாதம் என் அம்மாவும் 'பெட்டியைப் பார்த்துச் சிரிக்கிறாள்' என்றுதான் சொன்னார். வரவு எழுதிய கொப்பியைக் காட்டினேன். வாசிக்கத் தெரியாவிட்டாலும் பத்தி பத்தியாக எண்ணிப் பார்த்தார்.

கொழும்பு வேலையை விட்டுவிட்டு வரலாமா?

ஆறு மாதச் செலவுக்குக் காசு சேர்த்துவிட்டு, மூன்று வாடிக்கையாளராவது பிடித்துவிட்டு வாருங்கள். வீட்டில் கடன் இருந்தால் அது தீரும்வரை வேண்டாம்.

வேலை கூடிவிட்டது. ஒருவரைச் சேர்க்கலாமா?

சேர்க்கலாம். ஆனால் ஒருவரைச் சேர்த்தாலும் நீங்கள் முதலாளி. சேமலாப நிதிக்கு (ஈ.பி.எப்.) அவர் சம்பளத்திலிருந்து 8 சதவீதம், உங்கள் பங்கு 12 சதவீதம், நம்பிக்கை நிதிக்கு உங்கள் பக்கமிருந்து இன்னொரு 3. வேலைக்கு ஒரு தொகை என்று பேசிக் கொடுப்பது வேறு, தினமும் உங்கள் வீட்டில் வந்து உட்கார்ந்து உங்கள் சொல்படி செய்வது வேறு. இரண்டாவதைச் செய்துவிட்டு முதலாவது என்று சொல்லாதீர்கள்.

போன வருடம் மேல் லயத்துப் பிள்ளை ஒருத்தியைப் பாமினி திருத்த வேலைக்குச் சேர்த்தேன். கெட்டிக்காரி. நான் கவனிக்காத 'ண', 'ன' பிழையெல்லாம் பிடிப்பாள். முதல் மாதச் சம்பளம் கொடுத்த அன்று பின்னேரம், கொழுந்துக் கூடையை இறக்கி வைத்த கையோடு அவள் அம்மா வந்தார். சம்பளம் எவ்வளவு என்று கேட்கவில்லை. தேத்தண்ணி கூடக் குடிக்கவில்லை. வாசலில் நின்றபடியே, "பிள்ளைக்கு ஈ.பி.எப். நம்பர் விழுந்துருச்சா?" என்றார்.